வினைச்சொல் வரும்வரை யார் காத்திருக்கிறார்கள்?

பெரியம்மா வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம். விளக்கு ஏற்றுகிற நேரம். ஒரு பக்கம் குக்கர் விசில் அடிக்கிறது, வாசலில் பால்காரர் நிற்கிறார். அந்த அவசரத்தில் பெரியம்மா மருமகளிடம், "பூவுல தட்டை வைம்மா" என்றார். அவள் "சரி அத்தை" என்று சொல்லிவிட்டுத் தட்டில் பூவை எடுத்து வைத்தாள். சொன்னவருக்கும் தப்பு தெரியவில்லை, கேட்டவளுக்கும் தெரியவில்லை. கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்குத்தான் சிரிப்பு வந்தது. வேலை இல்லாதவன் காதில்தானே இதெல்லாம் விழும்.

பெரியம்மா சொல்ல நினைத்தது "தட்டுல பூவை வை". இரண்டு பெயர்ச்சொற்களும் இடம் மாறிக்கொண்டன. ஆனால் உருபுகள் அசையவில்லை. 'ல' முன்னால் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது, 'ஐ' பின்னால் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. இதைவிட அழகான சங்கதி இன்னொன்று. பூவோடு 'ஐ' சேர்ந்தால் நடுவில் ஒரு 'வ்' வந்து பூவை ஆகும். தட்டோடு சேர்ந்தால் 'வ்' வராது. கடைசி உகரம் கழன்றுகொண்டு தட்டை ஆகும். நாக்கு வெறுமனே ஒலிகளை மாற்றிப் போட்டிருந்தால் "பூல தட்டுவை" என்று வந்திருக்க வேண்டும். எத்தனை பதற்றத்திலும் அப்படி ஒருவரும் உளற மாட்டார்கள். தப்பான இடத்தில் போய் உட்கார்ந்த பிறகும், தட்டு தன் புணர்ச்சி விதிப்படிதான் நடந்துகொண்டது. உடம்படுமெய்யும் குற்றியலுகரப் புணர்ச்சியும் பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்திய பாடு தெரியும். பெரியம்மா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர்.

அப்படியானால் பேச்சு ஒரே வீச்சில் வெளியே வருவதில்லை, படிப்படியாகத் தயாராகிறது. எந்தச் சொல் என்று தேர்வதும், அது எந்த இடத்தில் உட்காரும் என்று முடிவாவதும் ஒரு கட்டம். உட்கார்ந்த சொல்லுக்கும் உருபுக்கும் ஒலி வடிவம் கொடுத்து ஒட்டுவது அதற்கு அடுத்த கட்டம். பெரியம்மாவுக்கு முதல் கட்டத்தில் சீட்டு மாறிப்போனது. அடுத்த கட்டம் வந்ததை வாங்கித் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது.

இப்படி உளறல்களைச் சேர்த்து வைத்துப் படித்தவர்களில் முக்கியமானவர் விக்டோரியா ஃப்ரோம்கின், லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மொழியியல் பேராசிரியராக இருந்தவர். 1971இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம், நாக்குப் பிறழ்வது விதி இல்லாமல் பிறழ்வதில்லை என்பதுதான். "ஆன் ஈட்டிங் மாரத்தான்" என்று சொல்ல வந்த ஒருவர் "எ மீட்டிங் ஆரத்தான்" என்று சொன்னதை அவர் குறித்து வைத்திருந்தார். 'ம்' இடம் மாறியதும் முன்னால் இருந்த 'ஆன்' தானாக 'எ' ஆகிவிட்டது பாருங்கள். நம் தட்டின் கதையேதான் இதுவும். அதே 1970களில் மெரில் காரெட், இடம் மாறும் சொற்கள் பெரும்பாலும் ஒரே இனமாக இருக்கும் என்று காட்டினார்: பெயர் பெயரோடு மாறும், வினை வினையோடு மாறும். பூவும் வையும் இடம் மாறுவது அபூர்வம்.

இந்தப் படிகளுக்கெல்லாம் கிடைக்கும் நேரத்தைப் பார்த்தால் உளறல் ஆச்சரியமில்லை. சரளமாகப் பேசும் ஆங்கிலக்காரர் நொடிக்கு இரண்டு மூன்று சொல் சொல்கிறார். மனதுக்குள் பல்லாயிரம் சொல் கொண்ட கிடங்கு. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிற வேகத்தில், ஆயிரம் சொல்லுக்கு ஒன்று என்கிற அளவில்தான் பிழை விழுகிறது. இதை 1989இலேயே விரிவாக எழுதியவர் நெதர்லாந்தின் வில்லம் லெவல்ட்; நைமேகன் நகரில் இதற்கென்றே இயங்கும் மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனத்தை உருவாக்கியவர் அவர்தான்.

சொல்லும் அதன் ஒலியும் வேறு வேறு அறையில் இருக்கின்றன என்பதற்கு உளறல் மட்டும் சாட்சியில்லை. "நாக்கு நுனியில நிக்குது, வர மாட்டேங்குது" என்று தவிப்போமே, அதுவும் சாட்சிதான். 1966இல் ரோஜர் பிரவுனும் டேவிட் மெக்னீலும் இந்தத் தவிப்பை ஆய்வுக்கூடத்திலேயே வரவழைத்தார்கள். அகராதியில் இருக்கும் அரிய சொற்களின் பொருளை மட்டும் படித்துக் காட்டி, சொல்லைக் கேட்டார்கள். தவித்தவர்களில் பலருக்குச் சொல் வரவில்லை, ஆனால் அதன் முதல் எழுத்து வந்தது, எத்தனை அசை என்பது வந்தது. இத்தாலிய மொழியில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. 1997இல் நடந்த ஓர் ஆய்வில், சொல் நாக்கு நுனியில் நின்றபோதே அதன் பாலைப் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். சொல்லின் இலக்கணம் கைக்கு வந்துவிட்டது, ஒலிதான் வரவில்லை.

சரி, பேசியவர் கதை இது. மருமகள் கதை என்ன?

அவள் காதில் விழுந்தது "பூவுல தட்டை". அவள் புரிந்துகொண்டது "தட்டுல பூவை". காதில் விழுந்ததை அப்படியே வாங்கிக்கொள்ள மனம் தயாராக இல்லை. இந்த நேரத்தில், இந்த வீட்டில், இந்த மாமியார் என்ன சொல்லியிருப்பார் என்ற எதிர்பார்ப்பையும் சேர்த்துக் குழைத்துத்தான் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்காவின் எம்ஐடியில் எட்வர்ட் கிப்சனும் கூட்டாளிகளும் 2013இல் இதைத்தான் சோதித்தார்கள். 'தாய் மெழுகுவத்திக்கு மகளைக் கொடுத்தாள்' என்று பொருள் தரும்படி அமைந்த ஆங்கில வாக்கியத்தைப் படித்த பலர், மகளுக்கு மெழுகுவத்தியைக் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஆங்கில வாக்கியத்தில் ஒரே ஒரு குட்டிச் சொல்தான் குறை. ஒரு சொல் விட்டுப்போயிருக்கும் என்று நினைப்பது, மெழுகுவத்திக்கு யாரோ பெண்ணைக் கொடுத்தார்கள் என்று நம்புவதைவிடச் சுலபம்.

ஒலி அளவிலும் இதே தில்லுமுல்லு நடக்கிறது. ரிச்சர்ட் வாரன் 1970இல், பதிவு செய்த ஒரு வாக்கியத்தில் ஒரு சொல்லின் நடுவிலிருந்து 'ஸ்' ஒலியை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் இருமலை வைத்தார். கேட்ட 20 பேரில் 19 பேர் எந்த ஒலியும் விட்டுப்போகவில்லை என்றார்கள். மிச்சமிருந்த ஒருவர் விட்டுப்போயிருக்கிறது என்றார், ஆனால் எந்த ஒலி என்பதைத் தப்பாகச் சொன்னார். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் கத்துவது இரைச்சலையும் மீறி முழுசாகக் கேட்பதாக நமக்குத் தோன்றுவதில் பாதி நம் கைச்சரக்கு.

இனி எனக்கு ரொம்ப நாளாக இருந்த ஒரு சந்தேகத்துக்கு வருகிறேன். கேட்பவர் இப்படி எதிர்பார்ப்போடுதான் கேட்கிறார் என்றால், தமிழில் அவர் எதைப் பிடித்துக்கொண்டு எதிர்பார்ப்பார்? நம் வாக்கியத்தில் முக்கியமான தகவல் கடைசியில் அல்லவா வருகிறது. "பக்கத்து வீட்டு மாமா வாங்கின கடனை நேத்து சாயங்காலம் அப்பாகிட்ட..." என்பதுவரை வந்துவிட்டோம். இன்னும் ஒன்றுமே தெரியாது. "கொடுத்துட்டாரு" என்றால் ஒரு கதை, "கொடுக்கவே இல்ல" என்றால் வேறு கதை. "கொடுத்தாராம்" என்றால் சொல்பவரே நம்பவில்லை. "கொடுத்தாரா?" என்றால் இவ்வளவு நேரம் நடந்தது செய்தியே அல்ல, கேள்வி. காலம், ஆள், மரியாதை, மறுப்பு, வதந்தி, வினா எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லின் வாலில் தொங்குகின்றன.

ஆங்கிலத்தில் வினை இரண்டாவது இடத்திலேயே வந்துவிடும், அதனால் அங்கே ஊகிப்பது எளிது. 1999இல் ஜெரி ஆல்ட்மனும் யூகி கமிடேவும் இதைக் கண்ணசைவை வைத்துக் காட்டினார்கள். திரையில் ஒரு பையன், சுற்றிலும் சில பொருட்கள்; அவற்றில் தின்னக்கூடியது கேக் மட்டும். "பையன் தின்னப்போகிறான்" என்ற அளவுக்கு ஆங்கில வாக்கியம் வந்ததுமே, கேக் என்ற சொல் காதில் விழும் முன்பே கண் கேக்குக்குத் தாவிவிட்டது. தின்னு என்ற வினைதான் கண்ணுக்கு வழி காட்டியது.

வினை கடைசியில் வரும் மொழிக்காரர்கள், அதுவரை கேட்டதையெல்லாம் மடியில் கட்டிக்கொண்டு சும்மா காத்திருப்பார்கள், வினை வந்த பிறகுதான் வாக்கியத்தைக் கட்டுவார்கள் என்று நினைத்த ஆய்வாளர்கள் இருந்தார்கள். கேட்கும்போதே அது இடிக்கிறது இல்லையா? அப்படிக் காத்திருந்தால் நம் வீடுகளில் ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடித்துவைப்பது எப்படி நடக்கும்?

பதில் ஜப்பானியத்திலிருந்து வந்தது. தமிழைப் போலவே அங்கும் வினை கடைசியில், பெயருக்குப் பின்னால் உருபு. கமிடேயும் ஆல்ட்மனும் 2003இல் இன்னொரு கண்ணசைவுச் சோதனையை வெளியிட்டார்கள். படத்தில் ஹோட்டலில் பரிமாறும் பெண், சாப்பிட வந்தவர், ஒரு ஹாம்பர்கர், ஒரு குப்பைத்தொட்டி. ஒரு வாக்கியம் "பரிமாறுபவள் வாடிக்கையாளருக்குச் சந்தோஷமாக..." என்று போகிறது. இன்னொன்று "பரிமாறுபவள் வாடிக்கையாளரைச் சந்தோஷமாக..." என்று போகிறது. முதலாவதைக் கேட்டவர்களின் கண், ஹாம்பர்கர் என்ற சொல் வருவதற்கு முன்பே, 'சந்தோஷமாக' என்ற இடத்திலேயே ஹாம்பர்கரை நோக்கிக் கூடுதலாகப் போனது. இரண்டாவதில் அப்படிப் போகவில்லை. வினை இன்னும் வரவேயில்லை. நான்காம் வேற்றுமையா, இரண்டாம் வேற்றுமையா என்பதை வைத்தே மனம் முன்னால் ஓடிவிட்டது. 'அவருக்கு' என்றால் எதையோ கொடுக்கப் போகிறாள். என்ன இருக்கிறது கொடுக்க? 'அவரை' என்றால் அவரை ஏதோ செய்யப் போகிறாள். அந்த வாக்கியம் கேலி செய்கிறாள் என்று முடியும்.

அந்தச் சோதனையில் நான்காம் வேற்றுமை செய்த வேலை, ஆங்கிலத்தில் தின்னு என்ற வினை செய்த வேலை. ஜெர்மனில் லார்ஸ் கோனியெச்னி 2000இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது: கடைசி வினைக்கு முன்னால் சொற்கள் கூடக் கூட, அந்த வினையைப் படிக்கும் வேகம் குறைய வேண்டும் என்றுதானே தோன்றும்? சில வாக்கியங்களில் கூடியது. முன்னால் கிடைத்த ஒவ்வொரு துணுக்கும் வரப்போகும் வினையின் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிவிடுவதால் வினை வரும்போது புது ஆளாகத் தெரிவதில்லை.

ஊகம் என்றால் தப்பும் நடக்கும். இந்த வாக்கியத்தை ஒரே மூச்சில் படியுங்கள்:

போலீஸ்காரர் திருடனைப் பிடித்த சிறுவனைப் பாராட்டினார்.

'பிடித்த' என்பதுவரை போலீஸ்காரர்தான் திருடனைப் பிடித்துக்கொண்டிருந்தார். 'சிறுவனை' வந்ததும் அவர் கையிலிருந்து திருடன் நழுவிவிட்டான். ஒரு கணம் பின்னால் போய், திருடனைச் சிறுவன் கையில் ஒப்படைத்துவிட்டு மறுபடி முன்னால் வந்திருப்பீர்கள். பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருகிற மொழி என்பதால் தமிழில் இப்படிப்பட்ட குழிகள் ஏராளம். ஆங்கிலத்திலும் உண்டு, 1970இல் தாமஸ் பெவர் எழுதிய, தொழுவத்தைத் தாண்டி ஓடவிடப்பட்ட குதிரை விழுகிற வாக்கியம் பாடப்புத்தகங்களில் தேய்ந்துபோன உதாரணம். அதைவிட நம் போலீஸ்காரர் மேல். வாக்கியம் முடியும்வரை மனம் காத்திருந்தால் இந்தத் தடுமாற்றமே வந்திருக்காது. தடுக்கி விழுந்தோம் என்றால் நடந்துகொண்டிருந்தோம் என்று அர்த்தம்.

தடுக்கி விழுவதை மூளையின் மின்னலையிலும் பார்க்கலாம். மார்த்தா குடாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980இல், சூடான ரொட்டியில் சாக்ஸைத் தடவினான் என்று முடியும் வாக்கியத்தைச் சொல் சொல்லாகக் காட்டினார்கள். சாக்ஸ் வந்து சுமார் 400 மில்லிநொடியில் தலையில் ஒட்டிய மின்முனைகளில் ஓர் எதிர்மறை அலை எழுந்தது. வெண்ணெய் வந்திருந்தால் அந்த அலை அடங்கியே இருந்திருக்கும். இந்த அலையை வைத்து அதற்கப்புறம் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் நடந்துவிட்டன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. வெண்ணெய் எளிதாக இருந்தது என்பதால், வெண்ணெய் என்ற சொல்லையே மூளை முன்கூட்டி எடுத்து வைத்திருந்தது என்று சொல்லிவிட முடியுமா? வந்த பிறகு பொருத்துவது எளிதாக இருந்திருக்கலாமே. 2005இல் ஒரு குழு, உயிரொலிக்கு முன்னால் 'ஆன்', மெய்யொலிக்கு முன்னால் 'எ' என்கிற ஆங்கில வேறுபாட்டை வைத்து, வரப்போகும் சொல்லின் முதல் ஒலியைக்கூட மூளை எதிர்பார்க்கிறது என்று காட்டியது. பெரிய பரபரப்பு. 2018இல் ஒன்பது ஆய்வகங்கள் சேர்ந்து 334 பேரிடம் அதையே செய்து பார்த்தபோது, பெயர்ச்சொல்லில் தெரிந்த விளைவு மறுபடி வந்தது, 'எ', 'ஆன்' இடத்தில் தெரிந்தது வரவில்லை. ஆக, என்ன மாதிரி விஷயம் வரப்போகிறது என்று மனம் ஊகிக்கிறது என்பதில் பெரிய தகராறு இல்லை. எழுத்து எழுத்தாக ஊகிக்கிறது என்பதில் இருக்கிறது. எனக்கும் முதலாவது போதும் என்றுதான் படுகிறது. சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டால் சாப்பாடு வரும் என்று உட்காருகிறோம். சாம்பாரில் முருங்கைக்காயா கத்தரிக்காயா என்று முடிவு செய்துகொண்டா உட்காருகிறோம்?

இந்த ஊகம் எங்கே கற்றது? தொட்டிலில். 1996இல் ஜென்னி சாஃப்ரனும் கூட்டாளிகளும், எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமில்லாத அசைகளை இடைவெளியே இல்லாமல் இரண்டு நிமிடம் கேட்க வைத்தார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை நிச்சயமாக வருகிறது, எங்கே எது வேண்டுமானாலும் வருகிறது என்பதை மட்டும் வைத்து, 'சொல்' எங்கே முடிகிறது என்பதைக் குழந்தைகள் பிரித்துவிட்டன. அந்த வயதுக் குழந்தைக்கு 'உக்கு' என்று முடிந்தால் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரியாது. ஆனால் எதற்குப் பின் எது என்ற கணக்கு ஓடத் தொடங்கிவிட்டது.

அப்புறம், பேசுகிறவர் பக்கமும் ஒரு முடிச்சு பாக்கி. கேட்பவருக்கு வினை கடைசியில்தான் தெரியும். பேசுபவருக்கு எப்போது தெரிந்திருக்க வேண்டும்? 'எனக்கு' என்று வாயைத் திறந்தால் பிடிக்கும், தெரியும், பசிக்குது, வேணும் என்று சில வகை வினைகளில்தான் போய் முடிய முடியும். 'நான்' என்று திறந்தால் விரும்புகிறேன், சாப்பிட்டேன் என்று வேறு பாதை. ஆக முதல் சொல்லைச் சொல்லும்போதே கடைசிச் சொல்லின் ஜாடையாவது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வாயைத் திறந்தவர்களையும் பார்க்கலாம்: "நான் வந்து... எனக்கு அந்தப் படம் பிடிக்கல." பாதி வழியில் வண்டியைத் திருப்புகிறார்கள். ஷோடா மொம்மாவும் அவர் கூட்டாளிகளும் ஜப்பானியத்தில் செய்து 2016இல் வெளியிட்ட சோதனை இதற்குப் பக்கத்தில் வருகிறது. வாக்கியம் செயப்படுபொருளில் தொடங்கினால், அதைச் சொல்லும் முன்பே வினையைத் தேர்ந்துவிடுகிறார்கள். எழுவாயில் தொடங்கினால் அப்படியில்லை, வினை பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். 'ஐ' போட வேண்டுமென்றால் எதற்கு 'ஐ' என்று தெரிந்தாக வேண்டும் அல்லவா.

நேரம் போதாதபோது நமக்குக் கைகொடுப்பது 'வந்து'. எங்கும் வராத ஒரு வந்து. ஆங்கிலக்காரருக்கு 'அ', 'அம்' எப்படியோ அப்படி. ஹெர்பர்ட் கிளார்க்கும் ஜீன் ஃபாக்ஸ் ட்ரீயும் 2002இல், இவை வெறும் தடுமாற்றமல்ல, இவையும் சொற்களே என்று வாதிட்டார்கள்: 'அ' வந்தால் சின்னத் தாமதம், 'அம்' வந்தால் பெரிய தாமதம் என்று கேட்பவருக்கு அறிவிப்பு. 'வந்து'வை மேடைப் பேச்சுப் பயிற்சியில் களையெடுக்கச் சொல்கிறார்கள். நான் எடுக்கமாட்டேன். பேச்சு இன்னும் என் கையில்தான், நடுவில் புகாதே என்று அது சொல்கிறது.

புகுந்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. தான்யா ஸ்டிவர்ஸ் குழுவினர் 2009இல் பத்து மொழிகளில், ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளை எடுத்து, கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று அளந்தார்கள். சராசரி சுமார் 200 மில்லிநொடி. ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே 600 மில்லிநொடி ஆகும். அப்படியானால் கேள்வி முடியும் முன்பே பதில் வாயில் தயார். அந்தப் பத்தில் மிக வேகமாகப் பதில் வந்தது எந்த மொழியில் என்று பார்த்தால், வினை கடைசியில் வருகிற ஜப்பானியத்தில்: சராசரி இடைவெளி 7 மில்லிநொடி. டேனிஷில் 469.

நம் பேச்சில் வினை எப்போதும் கடைசியிலா நிற்கிறது என்றும் ஒரு கேள்வி உண்டு. எழுத்தில் நிற்கும். பேச்சில் அவசரம் என்றால் வினையை முதலில் எறிந்துவிட்டு மற்றதைப் பின்னால் அனுப்புகிறோம். "எங்க வச்சே சாவியை?" "வந்துட்டாரு உங்க மாமா." அன்றைக்கும் பெரியம்மா பால்காரரை அனுப்பிவிட்டுத் திரும்பி வந்து, "வச்சியாம்மா?" என்று மட்டும் கேட்டார். மருமகள் அடுப்படியிலிருந்து, "வச்சாச்சு அத்தை, தட்டுல" என்றாள்.